32 சென்ட்டுக்காகவா ஒரு ஊரே வேலையை நிறுத்தியது?

உங்கள் அலுவலகத்தில் இருக்கும் அமெரிக்கர், தன் கொள்ளுத்தாத்தாவும் கொள்ளுப்பாட்டியும் இத்தாலியிலிருந்து கப்பலேறி வந்து மாசசூசெட்ஸ் மாநிலத்து லாரன்ஸ் ஊரில் மில் வேலை செய்தார்கள், ஒரு நாளும் குறை சொன்னதில்லை, உழைத்தார்கள், முன்னேறினார்கள் என்கிறார். நீங்களோ அதே ஊரில் 1912ல் வாரச் சம்பளத்தில் 32 சென்ட் குறைந்ததற்காக இருபதாயிரம் பேருக்கு மேல் வேலைநிறுத்தம் செய்ததாகப் படித்திருக்கிறீர்கள். எது உண்மை, 32 சென்ட் என்ன அவ்வளவு பெரிய காசா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் புரிந்துகொண்டவரை உங்கள் சந்தேகம் காசைப் பற்றியது இல்லை. அந்த ஜனங்கள் பட்ட கஷ்டம் நிஜமா, இல்லை பின்னால் வந்தவர்கள் ஊதிப் பெருக்கியதா என்பதுதான் கேள்வி. அதற்கே பதில் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் தகுதி என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் வரலாறு படித்தவன் இல்லை. ஜவுளித் தொழில்நுட்பம் படித்து, கோவைப் பக்கத்து நூற்பாலைகளில் 27 வருஷம் வேலை பார்த்து, ஸ்பின்னிங் மாஸ்டராக ஓய்வு பெற்றவன். மகள் நியூ ஹாம்ப்ஷயரில் இருக்கிறாள். லாரன்ஸ் அங்கிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும், அதனால் மூன்று முறை போய்ச் சுற்றிப் பார்த்தேன். முதல் முறை பழைய மில் கட்டடத்தை வேடிக்கை பார்க்கத்தான் போனேன். அப்புறம் அந்த ஊர்க்காரர்கள் 1912ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால் கொடுத்த சாட்சியத்தையும், அதே வருஷம் அரசின் தொழிலாளர் துறை வெளியிட்ட அறிக்கையையும் படித்தேன். மெஷின் பக்கம் நான் சொல்வதை நம்பலாம். அரசியல் பக்கம் நான் படித்ததோடு சரி.

ஊரைப் பற்றி ரெண்டு வார்த்தை. பாஸ்டனுக்கு வடக்கே நாற்பது கிலோமீட்டர் வாக்கில், மெரிமாக் ஆற்றங்கரையில், மில்லுக்காகவே 1840களில் உண்டாக்கிய ஊர் லாரன்ஸ். ஆற்றின் குறுக்கே அணை, இரு பக்கமும் கால்வாய், கால்வாயை ஒட்டி வரிசையாகச் செங்கல் மில். முதலில் ஐரிஷ்காரர்கள் வந்தார்கள். 1860 ஜனவரி 10ஆம் தேதி பெம்பர்டன் என்ற மில் தொழிலாளிகள் உள்ளே இருக்கும்போதே இடிந்து விழுந்து, இரவில் தீயும் பிடித்து, சுமார் 100 பேர் செத்தார்கள். வார்ப்பிரும்புத் தூண்கள் சரியில்லை என்று விசாரணையில் வந்தது. அதற்கப்புறமும் மில்கள் பெருகிக்கொண்டேதான் போயின. கனடாவின் பிரெஞ்சுக்காரர்கள், ஜெர்மானியர்கள், பிறகு இத்தாலியர்கள், போலந்துக்காரர்கள், லிதுவேனியர்கள், சிரியாக்காரர்கள் என்று சொன்னாலும் இன்றைய லெபனான் பகுதியிலிருந்து வந்தவர்கள் என்று அலை அலையாக வந்து சேர்ந்தார்கள். 1910ல் ஊரின் மக்கள்தொகை சுமார் 86,000. அதில் பத்துக்கு எட்டு பேருக்கு மேல் வெளிநாட்டில் பிறந்தவர்கள், அல்லது அப்படி வந்தவர்களின் பிள்ளைகள். அமெரிக்கன் உல்லன் கம்பெனி கட்டிய உட் மில் அப்போது கம்பளி நூலில் உலகத்திலேயே பெரியது. அதன் எதிரில் இருக்கும் ஏயர் மில்லின் மணிக்கூண்டு இன்றும் ஓடுகிறது, லண்டன் பிக் பென்னைவிடக் கொஞ்சம்தான் சின்னது. மில்லில் வேலை செய்தவர்கள் கையில் கடிகாரம் வைத்திருக்கவேண்டிய அவசியமே இல்லை, ஊரின் எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் அது தெரியும்.

சரி, 32 சென்ட்டுக்கு வருவோம். பெண்களும் 18 வயதுக்குக் குறைந்தவர்களும் வாரத்துக்கு 54 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்று மாசசூசெட்ஸ் ஒரு சட்டம் போட்டது. 1912 ஜனவரி 1 முதல் அமல். அதுவரை 56 மணி நேரம். நல்ல சட்டம்தான். ஆனால் மில்காரர்கள் மணிக்கூலியை ஏற்றவில்லை, இரண்டு மணி நேரக் கூலியை அப்படியே கழித்துவிட்டார்கள். பெண்களும் பிள்ளைகளும் இல்லாமல் மில்லை ஓட்ட முடியாது என்பதால் ஆண்களுக்கும் அதே 54தான், அதே வெட்டுதான். சராசரிக் கூலி மணிக்கு 16 சென்ட், இரண்டு மணிக்கு 32 சென்ட், கணக்கு அவ்வளவுதான். முழு வாரம் வேலை செய்தால் சராசரியாகக் கைக்கு வந்தது 8 டாலர் 76 சென்ட் என்று அரசு அறிக்கை சொல்கிறது, மூன்றில் ஒரு பங்குப் பேருக்கு 7 டாலர்கூட வரவில்லை. இதில் ‘முழு வாரம்’ என்ற வார்த்தையைக் கவனிக்க வேண்டும். ஆர்டர் இல்லாத வாரத்தில் மூன்று நாள் வேலை, மூன்று நாள் கூலி. நம் கணக்கில் வைத்துப் பாருங்கள்: மாதம் 15,000 ரூபாய் வாங்கும் மில் தொழிலாளிக்கு ஒரு நாள் திடீரென்று, முன்னறிவிப்பே இல்லாமல், 535 ரூபாய் குறைத்துக் கொடுத்தால் எப்படி இருக்கும்? உங்களுக்கும் எனக்கும் அது ஒன்றுமில்லை. மாதக் கடைசியில் மளிகைக்கடையில் சொல்லி வைத்துக் கடன் வாங்குகிற வீட்டுக்கு அது கடைக்காரர் முகம் மாறுகிற தொகை.

ஆனால் இந்தக் காசுக் கணக்கைப் படித்தபோது எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை, உண்மையைச் சொல்கிறேன். என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறு ஒன்று. மணி நேரத்தைக் குறைத்துவிட்டு, மெஷின் வேகத்தை ஏற்றினார்கள் என்று தொழிலாளிகள் சொன்னார்கள். 56 மணியில் எடுத்த உற்பத்தியை 54ல் எடுக்க வேண்டும். இது எல்லா மில்லிலும் நடந்ததா, எந்த டிபார்ட்மென்டில் எவ்வளவு ஏற்றினார்கள் என்று கணக்கு வைத்துப் பேச முடியாது, இது தொழிலாளிகள் தரப்பு வாக்குமூலம். ஆனாலும் நான் அதை முழுசாக நம்புகிறேன், ஏனென்றால் அதே காரியத்தை நானே செய்திருக்கிறேன்.

2012 வாக்கில் நம் ஊரில் மின்வெட்டு எப்படி இருந்தது என்று ஞாபகம் இருக்கும். மில்லுக்குக் கிடைக்கும் மணி நேரம் குறைந்தது, உற்பத்தி மட்டும் குறையக்கூடாது என்று மேலிடத்திலிருந்து உத்தரவு. நான் ரிங் பிரேம்களின், அதாவது நூல் நூற்கும் மெஷின்களின், வேகத்தைப் பத்து சதவீதம் ஏற்றினேன். பேப்பரில் பார்த்தால் பத்து சதவீதம்தான். ஆனால் நூலில் விழும் இழுவிசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும், பத்து ஏற்றினால் அங்கே இருபதுக்கு மேல் ஏறிவிடும். இழை அறுவது கூடும். ஒவ்வொரு அறுந்த இழைக்கும் சைடர், அதாவது மெஷின் வரிசையைப் பார்த்துக்கொள்ளும் தொழிலாளி, நடந்துபோய், சுற்றுகிற கதிரை ஒரு கையால் நிறுத்திப் பிடித்து, நுனியைத் தேடி எடுத்து, இழை சேர்த்துவிட்டு வரவேண்டும். அதற்குள் பின்னால் இன்னும் மூன்று அறுந்திருக்கும். சாதாரண நாளிலேயே ஒரு ஷிப்டுக்குப் பத்துக் கிலோமீட்டர்வரை நடப்பவர்கள் அவர்கள். பாபின் நிரம்புவதும் சீக்கிரம் என்பதால் டாஃபிங்கும், அதாவது நிரம்பியதைக் கழற்றிவிட்டுக் காலியானதை மாட்டும் வேலையும், சீக்கிரம் வரும், தண்ணீர் குடிக்கப் போகிற இடைவெளி முதலில் காணாமல் போகும். மூன்றாம் நாள் ஒரு சைடர் அம்மா, பொங்கலூர்ப் பக்கத்துக்காரர், என்னிடம் வந்து சண்டை எதுவும் போடவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார்: “மெசினு வேகத்த ஏத்திப்போட்டீங்க சார், எங்க காலு வேகத்த ஆருங்க ஏத்துவாங்க?” என்னிடம் பதில் இல்லை. வேகத்தையும் நான் குறைக்கவில்லை. லாரன்ஸ் கம்பளிக்கும் நம் பருத்திக்கும் மெஷின் வேறு, காலமும் வேறு, ஆனால் அந்தக் கேள்வி ஒன்றுதான்.

இதோடு பிரீமியம் என்று ஒரு முறையும் அங்கே இருந்தது. நான்கு வாரத்தில் இவ்வளவு உற்பத்திக்கு மேல் எடுத்தால் கூடுதல் காசு. நடுவில் வராமல் போனாலோ, உடம்பு சரியில்லாமல் படுத்தாலோ நான்கு வாரத்துப் பிரீமியமும் போச்சு. பார்க்க ஊக்கத்தொகை மாதிரிதான் இருக்கும். ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த ஒரு நாளில் அம்மா என்ன முடிவு எடுப்பாள் என்று யோசித்தால் அதன் கத்தி எந்தப் பக்கம் வெட்டுகிறது என்று தெரியும். நம் பக்கத்து மில்களில் திருமணத்துக்குப் பணம் என்று சொல்லி, மூன்று வருஷம் முடித்தால்தான் மொத்தமாகக் கைக்கு வரும் என்று இளம்பெண்களை ஹாஸ்டலில் வைத்து வேலை வாங்கிய சுமங்கலித் திட்டம் எனக்கு உடனே ஞாபகம் வந்தது. கடைசி மாதம் வரைக்கும் பயத்திலேயே ஓட வேண்டும்.

மில்லைவிட்டு வீட்டுக்குப் போனால் அங்கே என்ன? மூன்று நான்கு மாடி மரவீடுகள், ஒன்றின் முதுகில் ஒன்று. அந்தக் காலத்தில் ஊரை ஆராய்ந்தவர்கள் எழுதிய ஒரு விஷயம் என் மனதில் அப்படியே தங்கிவிட்டது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் அவ்வளவுதான் இடம், அதனால் பெண்கள் சமையலறை ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, பக்கத்து வீட்டின் வெளிச்சுவரில் ஆணியடித்துச் சட்டி பானையை மாட்டி வைத்திருந்தார்கள். வெளிச்சம் எப்படி வந்திருக்கும், காற்று எப்படி வந்திருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். வாடகை கட்டுவதற்காக அந்தச் சின்ன வீட்டிலேயே வாடகைக்குத் தங்கும் ஆட்களையும் வைத்துக்கொண்டார்கள். அந்த ஆட்களுக்குச் சமைப்பது, துணி துவைப்பது எல்லாம் வீட்டுப் பெண் தலையில். காலையில் மில், இரவில் பத்துப் பேர் துணி. உங்கள் நண்பரின் கொள்ளுப்பாட்டி வேலை செய்த மணி நேரத்தை மில்லின் 56 மணியோடு நிறுத்திக் கணக்குப் போட்டால் பாதிக் கணக்குதான் வரும்.

உடம்பு விஷயத்தில் கொஞ்சம் கவனமாகப் பேச வேண்டும், ஏனென்றால் இங்கேதான் நிச்சயமானதும் சந்தேகமானதும் அதிகம் கலந்து கிடக்கின்றன. பருத்தித் தூசி நுரையீரலைக் கெடுக்கும் என்பதில் சந்தேகம் இல்லை. பிசினோசிஸ் என்று நோய்க்கே பெயர் இருக்கிறது, திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பும்போது நெஞ்சை அடைக்கும் என்று எங்கள் கார்டிங் ஆட்கள், அதாவது பஞ்சைச் சிக்கெடுக்கும் பகுதியில் வேலை செய்பவர்கள், சொல்லிக் கேட்டிருக்கிறேன். அமெரிக்காவிலேயே பருத்தித் தூசிக்கு முறையான உச்சவரம்பு வந்தது 1978ல்தான். ஆனால் லாரன்ஸ் மில்கள் எல்லாமே பருத்தி மில் கிடையாது, பெரிய மில்கள் கம்பளி. கம்பளியில் பிசினோசிஸைப் பேசுவது தப்பு, அங்கே பயப்படவேண்டியது ஆட்டுமயிரோடு வரும் ஆந்த்ராக்ஸ் என்ற கிருமிநோய். இணையத்தில் எழுதுகிற பலர் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள். தறியில் இன்னொரு பழக்கம், நூல் தீர்ந்ததும், தறியின் குறுக்கே நூலைக் கொண்டுபோகும் நாடாவின் துளையில் வாயை வைத்து உறிஞ்சி நூல் நுனியை வெளியே இழுப்பது. நம் சோமனூர்ப் பக்கத்து விசைத்தறிகளிலும் பார்த்திருக்கிறேன். ஒரே நாடாவில் பல பேர் வாய் வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை, காசநோய் பயத்தால் மாசசூசெட்ஸ் அந்த நாடாவை 1911லேயே தடை செய்தது. அப்புறம் நெசவுக்கு ஈரப்பதம் வேண்டும், ஜன்னலைத் திறக்கவிட மாட்டார்கள், உள்ளே வெந்நீர் அறை மாதிரி இருக்கும். அந்த ஈரத்தோடு ஜனவரிப் பனியில் வெளியே வருவார்கள். நிமோனியா அந்த ஊரில் அவ்வளவு பேரைக் கொன்றதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் ஊகம், தொழில் தெரிந்தவனின் ஊகம், அவ்வளவுதான்.

சந்தேகமானது எது? மில்லில் வேலை செய்பவர்களில் 100க்கு 36 பேர் 25 வயதுக்குள் செத்துவிடுகிறார்கள் என்று எலிசபெத் ஷாப்லே என்ற அவ்வூர்ப் பெண் மருத்துவர் எழுதினார். லாரன்ஸைப் பற்றி எதைத் திறந்தாலும் இந்த எண் இருக்கும். அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மில்லில் இருந்தவர்களில் பெரும்பகுதி இளவயதுக்காரர்கள். இளவயதுக்காரர்கள் நிறைந்த கூட்டத்தில் செத்தவர்களை எண்ணினால் இளவயதுச் சாவுதான் அதிகம் தெரியும், அதை வைத்து வேலைக்குச் சேர்ந்த நூறு பேரில் 36 பேர் சாவார்கள் என்று திருப்பிச் சொல்ல முடியாது. அதனால் இந்த எண்ணை நான் மேற்கோள் காட்டுவதில்லை. நிலைமை மோசம் என்பதற்கு இந்த எண் தேவையும் இல்லை.

அதற்கு கமெல்லா டியோலி என்ற பெண்ணின் சாட்சியமே போதும். 1912 மார்ச்சில் வாஷிங்டனில் நாடாளுமன்றக் குழு முன்னால் உட்கார்ந்தபோது அவளுக்கு வயது 14. குடியரசுத் தலைவர் டாஃப்டின் மனைவியும் வந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவள் சொன்ன கதையில் முதலில் ஒரு புரோக்கர் வருகிறான். வீட்டுக்கு வந்து, பெண்ணை ஏன் வேலைக்கு அனுப்பவில்லை என்று அப்பாவைக் கேட்கிறான். அவளுக்குப் பதிமூன்றா பதினாலா என்றே தெரியவில்லை என்கிறார் அப்பா. 4 டாலர் கொடு, பதினாலு என்று ஊரிலிருந்து காகிதம் வரவழைத்துத் தருகிறேன் என்கிறான் இவன். காகிதம் வந்தது, வாஷிங்டன் மில்லில் வேலையும் கிடைத்தது. கொஞ்ச காலத்திலேயே நூல் முறுக்கும் மெஷின் அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்துத் தோலோடு உரித்துவிட்டது. ஏழு மாதம் ஆஸ்பத்திரி. கம்பெனி ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டியது, அந்த ஏழு மாதத்துக்குக் கூலி என்று ஒன்றும் கொடுக்கவில்லை. ஏன் வேலைநிறுத்தம் செய்தாய் என்று கேட்டார்கள். வீட்டில் சாப்பிடப் போதுமான அளவு கிடைக்கவில்லை, அதனால்தான் என்றாள். எங்கள் மில்லில் பெண்கள் தலையைச் சுற்றித் துணித் தொப்பி போடாமல் உள்ளே வரக்கூடாது என்று ஒரு விதி. தொப்பி போடச் சொல்லி நான் கத்தாத நாள் இல்லை, புழுக்கமாக இருக்கிறது என்று அவர்கள் கழற்றாத நாளும் இல்லை. இந்தச் சாட்சியத்தைப் படித்த அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வேலைநிறுத்தத்தைப் பற்றி எல்லாரும் எழுதியிருக்கிறார்கள், நான் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஜனவரி 11 வியாழக்கிழமை எவரெட் மில்லில் போலந்துப் பெண்கள் சம்பளக் கவரைத் திறந்து எண்ணிப் பார்த்துவிட்டுத் தறியை நிறுத்தினார்கள். மறுநாள் மற்ற மில்களுக்கும் பரவியது. ஐடபிள்யூடபிள்யூ (உலகத் தொழில்துறைத் தொழிலாளர்கள்) என்ற தொழிற்சங்கத்தின் ஜோசப் எட்டர் வந்து, 14 இனத்தாருக்கும் ஆளுக்கு நான்கு பிரதிநிதி என்று 56 பேர் குழு அமைத்தார், பேச்சு ஒவ்வொரு மொழியிலும் பெயர்க்கப்பட்டது. கூட்டமாக நின்றால் போலீஸ் பிடிக்கும் என்பதால் கை கோத்தபடி, ஓரிடத்தில் நிற்காமல், மில்லைச் சுற்றிச் சுற்றி நடந்தார்கள், அதில் பெண்கள்தான் முன்னால். ஜனவரி 29 அன்று அன்னா லொபிசோ என்ற இத்தாலியத் தொழிலாளி துப்பாக்கிக் குண்டில் இறந்தார். கூட்டத்திலேயே இல்லாமல் வேறு இடத்தில் இருந்த எட்டரையும் அவரோடு நின்ற இன்னொரு தலைவர் ஆர்டூரோ ஜியோவனிட்டியையும் அந்தக் கொலைக்கு உடந்தை என்று சொல்லி உள்ளே வைத்தார்கள், நவம்பரில்தான் விடுதலை. வேலைநிறுத்தக்காரர்கள் டைனமைட் வைத்தார்கள் என்று ஜனவரியில் பரபரப்பு கிளம்பியது, வைத்தது ஊர்ப் பள்ளிக்குழு உறுப்பினர் ஒருவர் என்று பின்னால் நிரூபணமாகி 500 டாலர் அபராதம் போட்டார்கள். அபராதம் மட்டும்தான்!

பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் நிற்க வேண்டும். வீட்டில் அடுப்பெரியாததால் பிள்ளைகளை வெளியூர் ஆதரவாளர்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். பிப்ரவரி 10ல் நியூயார்க் போன முதல் கூட்டத்தில் 119 பிள்ளைகள். உடன் போன செவிலியர் மார்கரெட் சாங்கர், பின்னால் குடும்பக் கட்டுப்பாட்டு இயக்கத்தால் பெயர் பெற்றவர், நாடாளுமன்றக் குழு முன்னால் சொன்னது இது: 119 பேரில் நான்கே நான்கு பேர்தான் உள்ளாடை போட்டிருந்தார்கள். பிப்ரவரிக் குளிர். அப்பா அம்மா வேலை செய்தது உலகத்துக்கே கம்பளி நெய்யும் மில்லில். பிப்ரவரி 24 அன்று அடுத்த கூட்டத்தை ரயிலேற்ற வந்தபோது போலீஸ் அந்த ரயில் நிலையத்திலேயே தாய்களையும் பிள்ளைகளையும் அடித்து இழுத்துப் போனது. அதுதான் நாடு முழுக்கக் கோபத்தைக் கிளப்பி, விசாரணை வரை கொண்டுபோனது.

இப்போது கதையாகிப் போன சிலதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நீங்கள் ‘ஊதிப் பெருக்கியதா’ என்று கேட்டது நியாயமான கேள்வி. இதை ரொட்டியும் ரோஜாவும் வேலைநிறுத்தம் என்று அழைப்பார்கள், எங்களுக்கு ரொட்டியும் வேண்டும் ரோஜாவும் வேண்டும் என்று பெண்கள் பதாகை பிடித்து நடந்தார்கள் என்பார்கள். அந்தக் காலத்துப் படத்திலோ செய்தியிலோ அப்படி ஒரு பதாகைக்குச் சான்று கிடைத்ததில்லை. அந்தத் தலைப்பில் கவிதை 1911 டிசம்பரிலேயே பத்திரிகையில் வந்துவிட்டது, அதாவது வேலைநிறுத்தம் தொடங்கும் முன்பே. அழகான பெயர் என்பதால் பின்னால் ஒட்டிக்கொண்டது. அதே போல, பணமூட்டையோடு தொழிலாளிகள் மில்லிலிருந்து பாங்குக்குப் போவது மாதிரிச் சுவரொட்டி ஐரோப்பியக் கிராமங்களில் ஒட்டி ஆள் பிடித்தார்கள் என்பது. பார்த்தேன் என்று சொன்ன தொழிலாளிகள் உண்டு. எனக்கென்னவோ சுவரொட்டியைவிட, முன்னால் போன சொந்தக்காரர் எழுதிய கடிதமும் அனுப்பிய டிக்கெட்டும்தான் அதிகம் பேரைக் கொண்டுவந்திருக்கும் என்று தோன்றுகிறது. எங்கள் மில்லுக்கு ஒடிசாவிலிருந்து வந்த பையன்கள் எல்லாரும் ஒருவர் போனைப் பார்த்து ஒருவர் வந்தவர்கள்தான். எல்லாக் குடியேறிகளும் ஒற்றுமையாக நின்றார்கள் என்பதும் அரை உண்மை. முன்னால் வந்து கால் ஊன்றிய ஐரிஷ்காரர்கள் நகராட்சியிலும் போலீசிலும் இருந்தார்கள், அவர்கள் பாதிரியார் ஒருவர் வேலைநிறுத்தத்தை எதிர்த்தார், கைத்தேர்ச்சியுள்ள தொழிலாளிகளின் சங்கமும் எதிர்த்தது. நேற்று வந்தவனை முந்தாநாள் வந்தவன் மதிக்காதது எந்த ஊரிலும் உண்டு.

கடைசியில் வென்றார்கள். மார்ச் 12ல் கம்பெனி இறங்கி வந்தது, 14ஆம் தேதி தொழிலாளிகள் பொதுத்திடலில் கூடி ஏற்றுக்கொண்டார்கள். 5 முதல் 25 சதவீதம் வரை கூலி உயர்வு, குறைந்த கூலிக்காரருக்குத்தான் அதிக சதவீதம், பிரீமியம் நான்கு வாரத்துக்குப் பதில் இரண்டு வாரக் கணக்கு. அந்தப் பகுதியின் மற்ற மில்களும் பயந்து கூலியை ஏற்றின. ஆனால் அதே அக்டோபரில் ஊர்ப் பெரியமனிதர்கள் ‘கடவுளுக்கும் நாட்டுக்கும்’ என்று கொடி பிடித்துப் பெரிய ஊர்வலம் நடத்தினார்கள், வேலைநிறுத்தம் செய்தவர்கள் கடவுளுக்கும் நாட்டுக்கும் விரோதி என்பதுதான் அதன் பொருள். ஒன்றிரண்டு வருஷத்தில் சங்கம் கரைந்துபோனது, முன்னால் நின்றவர்களுக்கு வேலை கிடைக்கவில்லை, மெஷின் வேகம் மறுபடி ஏறியது.

உங்கள் நண்பர் பொய் சொல்கிறார் என்று நினைக்காதீர்கள். அவர் வீட்டில் யாரும் குறை சொல்லிக் கேட்டதில்லை என்பது உண்மையாகத்தான் இருக்கும். கமெல்லா டியோலியின் கதைக்குப் பின்பாதி ஒன்று இருக்கிறது. 1970களில் ஒரு பத்திரிகையாளர் லாரன்ஸுக்குப் போய் அவர் மகளைக் கண்டுபிடித்தார். கமெல்லா அதற்குள் இறந்துவிட்டிருந்தார். வாஷிங்டன் போனது, குடியரசுத் தலைவரின் மனைவி கேட்க சாட்சி சொன்னது, நாட்டின் எல்லாப் பத்திரிகையிலும் பெயர் வந்தது, இது எதுவும் அந்த மகளுக்குத் தெரியாது. அம்மா ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் அம்மா தலையில் முடி முளைக்காத ஓர் இடம் உண்டு என்பது மட்டும் அவளுக்குத் தெரியும், ஏனென்றால் அம்மாவுக்குத் தலை வாரி, அந்த இடம் வெளியே தெரியாதபடி கொண்டை போட்டுவிட்டது அவள்தான்.